விரல் நுனியில் ஒரு சொட்டு: மொரிஷியஸில் மலேரியா, ஒரு நிகழ்வு ஆய்வு

பழனிக்கும் மதுரைக்கும் போய்விட்டு நாங்கள் வீடு திரும்பிய நான்காம் நாள் காலை, சுகாதாரத் துறை அலுவலர் ஒருவர் வாசலில் வந்து நின்றார். வீடு ரோஸ் ஹில்லில், மெயின் ரோட்டிலிருந்து நான்கு சந்து தள்ளி. விமான நிலையத்தில் நிரப்பிக் கொடுத்த அட்டையை வைத்துக்கொண்டு தேடிக் கண்டுபிடித்து வந்திருந்தார். தோளில் ஒரு பை. உள்ளே கண்ணாடிச் சில்லுகள், பஞ்சு, ஸ்பிரிட், விரலில் குத்தும் ஊசி.

என்னிடமும் என் மனைவியிடமும் ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். அத்தை மட்டும் கையை நீட்டவில்லை. "எனக்குக் காய்ச்சலே இல்லையே தம்பி, எதுக்கு ரத்தம்?" என்று கிரியோலில் கேட்டார். 'தம்பி' மட்டும் தமிழில் வந்தது. "காய்ச்சல் வந்த பிறகு நாங்க வந்தா நேரம் கடந்துடும் தாந்தின்" என்றார் அவர். அத்தை, சித்தி, பெரியம்மா எல்லோருக்கும் இங்கே கிரியோலில் அந்த ஒரு சொல்தான். அத்தை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு இடது கை மோதிர விரலை நீட்டினார்.

அத்தை கேட்டது நியாயமான கேள்வி. மொரிஷியஸில் இப்போது மலேரியா இல்லை. உள்ளூரில் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு மலேரியா கடைசியாகப் பரவியது 1997இல். ஆனாலும் அன்றிலிருந்து இன்றுவரை, மலேரியா உள்ள நாடுகளிலிருந்து வருகிறவர்களைத் தேடி அரசு ஆள் அனுப்புகிறது. இதில் செலவு உண்டு, அலைச்சல் உண்டு, வீட்டுக்காரர்களின் முணுமுணுப்பும் உண்டு. ஏன் இதை விடாமல் செய்கிறார்கள் என்று புரிய வேண்டுமானால் 1866க்குப் போக வேண்டும். நான் தமிழ் ஆசிரியன், மருத்துவன் இல்லை. ஆனால் எங்கள் முன்னோர் கரும்பு வெட்டிய மண்ணில் நடந்த கதை இது. பல ஆண்டுகளாகப் படித்தும் கேட்டும் சேர்த்ததை இங்கே ஒழுங்குபடுத்தி வைக்கிறேன்.

காய்ச்சல் அறியாத தீவு

மொரிஷியஸ் மடகாஸ்கருக்குக் கிழக்கே, நடுக்கடலில் கிடக்கும் எரிமலைத் தீவு. 17ஆம் நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்து குடியேறும்வரை இங்கே மனிதர்களே கிடையாது. ஆகவே மனிதரைப் பிடிக்கும் மலேரியாவும் கிடையாது. அதன் பிறகு டச்சு, பிரெஞ்சு, பிரிட்டிஷ் ஆட்சிகள் மாறி மாறி வந்தன. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவந்தார்கள். அப்போதும் மலேரியா இந்தத் தீவில் வேர் பிடிக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் இந்தியாவில் காய்ச்சலில் அடிபட்ட வெள்ளைக்காரர்கள், உடம்பு தேற்றிக்கொள்ள மொரிஷியசுக்குக் கப்பலேறி வந்தார்கள்.

1834 முதல் கல்கத்தா, மதராஸ், பம்பாய் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் வரத் தொடங்கினார்கள். போர்ட் லூயியில் இன்று ஆப்ரவாசி காட் என்று யுனெஸ்கோ பட்டியலில் இருக்கும் அந்தக் கற்படிகளில் ஏறித்தான் அவர்கள் தோட்டங்களுக்குப் பிரிந்து போனார்கள். 1861 கணக்கெடுப்பில் தீவின் மக்கள்தொகை ஏறத்தாழ 3,10,000. அதில் 1,92,000 பேர் இந்தியர்கள். அவர்களில் தமிழ் பேசியவர்கள் பல்லாயிரம். இந்தியாவிலிருந்து வந்த இந்துக்களை எல்லாம் இங்கே பொதுவாக 'மலபார்' என்று சேர்த்து எழுதிவிடுவார்கள் என்பதால், பழைய பதிவேடுகளில் நம் ஆட்களைத் தேடுவது சிரமம்.

வேறு நோய்கள் வந்தன. 1854இல் காலரா ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போனது. அந்தப் பயத்தில், 1856 ஜனவரியில் கல்கத்தாவிலிருந்து காலராவோடு வந்த 'ஹைதரி', 'ஃபத்தே முபாரக்' என்ற இரண்டு கப்பல்களின் கூலிகளைப் போர்ட் லூயிக்குள் விடாமல், வடக்கே உள்ள கேப்ரியல் தீவில் இறக்கிவிட்டார்கள். அது வெறும் பாறையும் புதருமான குட்டித் தீவு. தங்க இடமில்லை, குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. இருநூற்றுக்கும் மேற்பட்டோர் அங்கேயே இறந்தார்கள். செய்தி இந்தியாவுக்குப் போய், அங்கிருந்த அரசு மொரிஷியசுக்கு ஆள் அனுப்புவதையே கொஞ்ச காலம் நிறுத்தி வைத்தது.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. அன்றைய ஆட்சிக்குத் தெரிந்த ஒரே நோய்த்தடுப்பு, கப்பலைத் தடுத்து வைப்பதுதான். மஞ்சள் கொடி ஏற்று, நாள் எண்ணு, நோய் தெரியவில்லை என்றால் உள்ளே விடு. காலராவுக்கும் அம்மைக்கும் அது ஓரளவு பொருந்தும். மலேரியா அந்த வலையில் மாட்டாத ஜாதி.

1867

முதல் காய்ச்சல்கள் 1865 வாக்கில் மேற்குக் கரையின் தாழ்ந்த பகுதியில் தலை காட்டின. 1866இல் கரையோரமாகப் பரவியது. 1867 கோடையில் போர்ட் லூயிக்குள் நுழைந்தது. நம் டிசம்பரும் ஜனவரியும் இங்கே கோடை. மழையும் சூடும் சேர்ந்து வரும் காலம்.

அந்த ஒரே ஆண்டில் காய்ச்சலால் இறந்தவர்கள் ஏறத்தாழ 32,000. தீவில் பத்துப் பேருக்கு ஒருவர் என்ற கணக்கு. போர்ட் லூயியில் இழப்பு இன்னும் கனமாக இருந்தது. ஊருக்கு வடக்கே புவா மார்ஷான் என்ற இடத்தில் அந்த ஆண்டே புதிய இடுகாடு திறக்க வேண்டி வந்தது. இன்றும் அங்கே போனால் கண்ணுக்கு எட்டிய தூரம் கல்லறைகள். பெயர் பொறித்த கற்கள் கொஞ்சம்தான். பெயரில்லாத மேடுகள் எத்தனை என்று எண்ண முடியாது. நான் போன அன்று காற்றில் கரும்புத் தோகை உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

ஊரில் மலேரியாவுக்கான குயினைன் மருந்து தீர்ந்து போனது. கிடைத்த கொஞ்சமும் காசுள்ளவர்கள் கைக்குப் போனது. வைத்தியம் அறிந்தவர்கள் கசாயம் காய்ச்சிக் கொடுத்தார்கள். தோட்டத்து மாரியம்மன் கோவில்களில் வேப்பிலை கட்டிக் கும்பிட்டார்கள். அம்மைக்குத் துணை நிற்கும் தாய் இந்தக் குளிர்காய்ச்சலுக்கும் நிற்பாள் என்ற நம்பிக்கை. இன்று கரும்புக் காட்டுக்கு நடுவே சின்னச் சின்னதாக நிற்கும் அம்மன் கோவில்களைப் பார்க்கும்போதெல்லாம், அங்கே யார் யாருக்காக யார் யார் அழுதிருப்பார்கள் என்று எனக்கு நினைப்பு ஓடும்.

வசதி உள்ளவர்கள் மேட்டுக்குப் போனார்கள். ரயில் அப்போதுதான் வந்திருந்தது. வடக்குப் பாதை 1864இல், நடுமேட்டுப் பாதை 1865இல் திறந்தது. போர்ட் லூயியை விட்டு போ பாசேன், ரோஸ் ஹில், கத்ர் போர்ன், கடைசியில் 500 மீட்டருக்கும் மேல் உயரத்தில் குளிர்ந்த க்யூர்பீப். தலைநகரின் பணக்காரக் குடும்பங்கள் மேட்டில் வீடு கட்டியது நிரந்தரமாகிவிட்டது. இன்று போர்ட் லூயி மாலை ஐந்து மணிக்கு மேல் காலியாகி, எல்லோரும் மேட்டு ஊர்களுக்குத் திரும்பும் பழக்கத்தின் ஒரு வேர் அந்தக் காய்ச்சலில் இருக்கிறது. மேடு ஏன் காப்பாற்றியது என்று அன்றைக்கு யாருக்கும் தெரியாது. நல்ல காற்று என்று நினைத்தார்கள். குளிரில் கொசுவின் வயிற்றுக்குள் மலேரியா ஒட்டுண்ணி மெதுவாக வளரும், அது முற்றுவதற்குள் கொசு செத்துப்போகும் என்பதுதான் உண்மையான காரணம்.

தோட்டக் கூலிக்கு மேடு ஏறும் வழி இல்லை. ஒப்பந்தம் அவனைக் கரையோரத் தோட்டத்தில் கட்டிப் போட்டிருந்தது. அனுமதியில்லாமல் ஒரு நாள் வேலைக்கு வராவிட்டால் இரண்டு நாள் கூலி பிடிக்கும் 'இரட்டை வெட்டு' அப்போது சட்டம். குளிரில் நடுங்கிக்கொண்டு படுத்தவன் மறுநாள் எழுந்து நடப்பான், அதற்கு மறுநாள் மறுபடி விழுவான். முறைக்காய்ச்சல் என்று நம்மவர்கள் வைத்த பெயர் எவ்வளவு பொருத்தம்! ஆனால் ஒருநாள் விட்டு ஒருநாள் நோயாளியாக இருப்பவனை நோயாளி என்று மேற்பார்வையாளர் நம்பியிருப்பாரா?

இன்னொன்றும் அதே 1867இல் நடந்தது. ஒப்பந்தம் முடித்த 'பழைய குடியேறிகள்' எல்லோரும் புகைப்படம் ஒட்டிய சீட்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும், இல்லையென்றால் கைது என்று 31ஆம் எண் சட்டம் வந்தது. சீட்டுக்குக் கட்டணம் உண்டு. தொலைந்தால் மறுபடி பணம். மாவட்டம் விட்டு மாவட்டம் போனால் காவலர் பிடிப்பார். இந்தச் சட்டத்துக்குக் காய்ச்சல் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தோட்டங்களுக்கு மலிவான ஆள் கிடைக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆனால் ஆள் சாகும் ஆண்டில், ஆளைத் தடுத்து நிறுத்தும் சட்டம். 1872இல் ஃப்ரியர், வில்லியம்சன் என்ற இரண்டு ஆணையர்கள் வந்து விசாரித்து, 1875இல் இந்தக் கொடுமைகளை விரிவாக எழுதி வைத்தார்கள்.

யார் கொண்டுவந்தது?

"கூலிகள் கொண்டுவந்தார்கள்" என்பது அன்று பரவலாகச் சொல்லப்பட்ட பதில். அழுகிய கடற்பாசி, சதுப்பு நிலத்துக் கெட்ட காற்று, வெள்ளம் என்று வேறு காரணங்களும் சொன்னார்கள். ஆனால் விரல் நீண்டது கப்பலில் இறங்கிய இந்தியர் பக்கம்தான். இன்றும்கூடச் சில வீடுகளில் அந்தப் பேச்சு ஒட்டிக்கொண்டிருக்கிறது. அதனால் இந்தப் பகுதியில் கொஞ்சம் நின்று பேச வேண்டும்.

மலேரியா பரவ மூன்று வேண்டும். ரத்தத்தில் ஒட்டுண்ணி உள்ள மனிதர், அந்த ஒட்டுண்ணியைச் சுமக்கத் தகுந்த அனோபிலஸ் கொசு, அந்தக் கொசு முட்டையிடத் தண்ணீர். இதில் ஒன்று குறைந்தாலும் நோய் ஓடாது.

ஒட்டுண்ணி மனித ரத்தத்தில் 1834 முதலே வந்துகொண்டிருந்தது. வங்காளத்திலிருந்தும் மதராஸ் மாகாணத்திலிருந்தும் வந்த லட்சக்கணக்கானவர்களில் பலர் ஊரில் காய்ச்சல் கண்டவர்கள்தான். அதற்கு முன்னால் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள் ரத்தத்திலும் அது இருந்திருக்கும். அத்தனை ஆண்டுகளும் நோய் பரவவில்லையே. கூலிகள்தான் காரணம் என்றால், அந்த முப்பது ஆண்டு அமைதிக்கு யார் பதில் சொல்வது?

1860களில் புதிதாக வந்து சேர்ந்தது கொசு. மொரிஷியஸில் மலேரியாவைப் பரப்பிய இரண்டு வகைகளும் ஆப்பிரிக்கக் கொசுக்கள். ஒன்று அனோபிலஸ் கேம்பியே குடும்பத்தைச் சேர்ந்தது, மற்றது அனோபிலஸ் ஃபுனெஸ்டஸ். அவை கடல் தாண்டிக் கப்பலில் வந்தவை. மாடும் சரக்கும் ஏற்றிக்கொண்டு மடகாஸ்கரிலிருந்து இங்கே கப்பல்கள் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தன. கொசுவுக்கு அட்டை கிடையாது, மஞ்சள் கொடியும் கிடையாது.

பக்கத்துத் தீவுகளைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். மேற்கே உள்ள ரீயூனியனில் மொரிஷியசுக்கு அடுத்தாற்போல், 1868-69இல் மலேரியா வெடித்தது. கிழக்கே நம் நாட்டைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவிலோ மலேரியா வேரூன்றவே இல்லை. அங்கே அனோபிலஸ் கொசு கிடையாது. காய்ச்சல்காரர்கள் போய் வந்துதான் இருந்தார்கள். கொசு போகவில்லை.

வந்த கொசு பிழைக்கத் தண்ணீர் வேண்டுமே. அதற்கு நிலம் தயாராக இருந்தது. கரும்புக்காகக் காட்டை வெட்டினார்கள். மரம் போன பிறகு மழைத் தண்ணீர் மண்ணை அடித்துக்கொண்டு ஓடி ஆறுகளின் வாயை அடைத்தது, கரையோரம் சதுப்பானது. பாசன வாய்க்கால் வெட்டினார்கள், ரயில் பாதைக்கு மண் தோண்டினார்கள். கேம்பியே வகைக் கொசுவுக்குப் பெரிய குளம் தேவையில்லை. வெயில் படும் சின்னத் தேக்கம் போதும்: மாட்டுக் குளம்படி, வண்டித் தடம், வாய்க்கால் ஓரம். ஃபுனெஸ்டஸுக்குப் புல் மண்டிய தெளிந்த ஓடை வேண்டும். இரண்டுக்கும் வேண்டியது எல்லாம் ஒரு கரும்புத் தோட்டத்துக்குள் இருந்தது. அந்தத் தோட்டத்தின் நடுவிலேயே ஆட்களைக் கொட்டகைகளில் நெருக்கி வைத்திருந்தார்கள்.

கூலி வந்ததும் கப்பலில், கொசு வந்ததும் கப்பலில். பழி மட்டும் ஒரு பயணிமேல் விழுந்தது.

ராஸ் எண்ணிய மண்ணீரல்கள்

1880இல் பிரெஞ்சு மருத்துவர் லவரான் மலேரியா ஒட்டுண்ணியைக் கண்டார். 1897 ஆகஸ்ட் 20 அன்று செகந்திராபாத்தில் பிரிட்டிஷ் மருத்துவர் ரொனால்ட் ராஸ் கொசுவின் வயிற்றுச் சுவரில் அதே ஒட்டுண்ணியைக் கண்டார். மொரிஷியஸில் 1867க்குப் பிறகு மலேரியா போகவே இல்லை. ஆண்டுதோறும் கோடையில் திரும்பி வந்துகொண்டிருந்தது. 1907 நவம்பரில், நோபல் பரிசு பெற்று ஐந்து ஆண்டு கழித்து, ராஸ் இங்கே வந்து இறங்கினார். மூன்று மாதம் தங்கினார். (அதற்கு ஒரு மாதம் முன்புதான் கூலிகளுக்காக வழக்காட வழக்கறிஞர் மணிலால் டாக்டர் வந்திருந்தார். எங்களுக்கு அந்த ஆண்டு இரண்டு வகையிலும் முக்கியமான ஆண்டு.)

ராஸ் செய்த முதல் வேலை எண்ணுவது. ரத்தம் எடுத்து ஊர் முழுக்கப் பார்க்க அன்று வசதி இல்லை. ஆனால் மலேரியா திரும்பத் திரும்பத் தாக்கினால் குழந்தையின் மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே கையில் தட்டுப்படும். நம் ஊரில் காய்ச்சல்கட்டி என்பார்களே, அதுதான். பள்ளிகளிலும் தோட்டங்களிலும் குழந்தைகளை நிறுத்தி வயிற்றைத் தடவிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 31,000 குழந்தைகள். மூன்றில் ஒருவருக்குக் கட்டி இருந்தது. கரையோரத்தில் அதிகம், மேட்டில் குறைவு. எங்கே நோய் குடியிருக்கிறது என்பதைக் குழந்தைகளின் வயிறே வரைபடம் போலக் காட்டிக் கொடுத்தது. ஆண்டுதோறும் இதே கணக்கை எடுத்தால், செய்கிற வேலை பலிக்கிறதா என்பதும் தெரியும் என்றார் ராஸ். நோய்த்தடுப்பில் அளவுகோல் என்ற எண்ணம் இவ்வளவு தெளிவாக வந்தது எனக்கு இன்றும் வியப்பு.

அடுத்ததுதான் இந்தத் தீவு உலகத்துக்குக் கொடுத்த கொடை. "எல்லாக் கொசுவையும் ஒழிக்கவே முடியாது, பிறகு எதற்கு இந்த வீண் வேலை?" என்று அன்று பலர் கேட்டார்கள். ராஸ் காகிதத்தில் கணக்குப் போட்டார். ஊரில் ஒரே ஒரு நோயாளி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரைச் சுற்றி உள்ள கொசுக்களில் நான்கில் ஒன்றுதான் மனிதரைக் கடிக்க வாய்க்கும். கடித்த கொசுக்களில் மூன்றில் ஒன்றுதான் ஒட்டுண்ணி முற்றும்வரை உயிரோடு இருக்கும். அப்படி இருந்ததிலும் நான்கில் ஒன்றுதான் மறுபடி ஒரு மனிதரைக் கடிக்கும். மூன்றையும் பெருக்கினால் 48இல் ஒன்று. அதாவது ஒரு நோயாளி இன்னொரு நோயாளியை உண்டாக்க இத்தனை கொசு வேண்டும் என்று ஒரு வரம்பு இருக்கிறது. கொசுவின் எண்ணிக்கை அந்த வரம்புக்குக் கீழே போய்விட்டால், ஒரு நோயாளி குணமாவதற்குள் அவர் இடத்துக்கு இன்னொருவர் வரமாட்டார். நோய் தானாகத் தேயும். கடைசிக் கொசுவைத் துரத்தத் தேவையில்லை.

1908இல் வெளிவந்த அவருடைய மொரிஷியஸ் அறிக்கையில் இந்தக் கணக்கு இருக்கிறது. கோவிட் காலத்தில் நாம் தினமும் கேட்ட "ஒருவர் எத்தனை பேருக்குப் பரப்புகிறார்" என்ற எண்ணின் தாத்தா இதுதான். மலபார்க் குழந்தைகளின் வயிற்றைத் தடவிய கைகளிலிருந்து பிறந்த கணிதம் அது.

செயலில் என்ன நடந்தது? பீனிக்ஸ் அருகே கிளேர்ஃபோன் சதுப்பை வடித்தார்கள். ஓடைகளுக்குக் கல் கட்டினார்கள், குழிகளை மூடினார்கள், தேக்கங்களில் எண்ணெய் ஊற்றினார்கள், குயினைன் கொடுத்தார்கள். இடம் இடமாகப் பலன் கிடைத்தது. ஆனால் ராஸ் கேட்டது ஆண்டுக்கு ஆண்டு விடாமல் செய்யும் வேலை, அதற்கு நிரந்தரமாக ஆள், நிரந்தரமாகப் பணம். சர்க்கரை விலை ஏறினால் பணம் வந்தது, இறங்கினால் வெட்டப்பட்டது. 1921இல் ஆண்ட்ரூ பால்ஃபர் வந்து பார்த்தார், அடுத்து மெக்ரெகர் கொசுக்களை ஆராய்ந்தார். அறிக்கைகள் சேர்ந்தன. கரையோரக் குழந்தைகளின் காய்ச்சல்கட்டி கரையவில்லை.

சுவரில் வெள்ளைப் பொடி

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் டிடிடி என்ற பூச்சிக்கொல்லி வந்தது. 1949 தொடக்கத்தில் தீவு முழுக்க ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் அதை அடிக்கத் தொடங்கினார்கள். ஓலைக் குடிசை, தகர வீடு, மாளிகை என்று எதையும் விடவில்லை. என் பாட்டி இதைப் பல முறை சொல்வார். முதுகில் பம்பு கட்டிய ஆட்கள் வருவார்கள். பாத்திரம், பாய், அரிசிப் பெட்டி எல்லாவற்றையும் முற்றத்தில் எடுத்து வைக்க வேண்டும். சாமி மாடத்தில் மட்டும் அடிக்கக் கூடாது என்று பாட்டி வழி மறித்திருக்கிறார். வந்தவர் படங்களை ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றி எடுத்து வைத்து, மாடத்துக்குள்ளும் அடித்து, காய்ந்ததும் படங்களை அதே வரிசையில் மாட்டிவிட்டுப் போனாராம். "அவன் பேரு தெரியாது, ஆனா நல்லா இருக்கணும்" என்று முடிப்பார்.

டிடிடி ஏன் வென்றது என்பதில் ஒரு நுட்பம் உண்டு. கடித்த கொசு வயிறு நிறைந்த கனத்தில் பக்கத்துச் சுவரில் உட்காரும். சுவரில் மருந்து இருந்தால் அங்கேயே சாகும். ராஸ் கணக்கில் மூன்றில் ஒன்று பிழைக்கும் என்று வைத்தோமே, அந்த இடத்தில் அடி விழுகிறது. வீட்டுக்குள்ளேயே கடித்து வீட்டுக்குள்ளேயே உட்காரும் ஃபுனெஸ்டஸ் மொரிஷியஸிலிருந்து அடியோடு போய்விட்டது. கேம்பியே குடும்பத்துக் கொசு போகவில்லை. அது வெளியிலும் கடிக்கும், மாட்டையும் கடிக்கும், வெளியிலேயே தங்கிவிடும். ஆனால் அதனால் தனியாக நோயைத் தாங்கிப் பிடிக்க முடியவில்லை.

சில ஆண்டுகளிலேயே தீவின் மொத்த இறப்பு விகிதம் ஏறத்தாழப் பாதியானது. கைக்குழந்தைகள் பிழைத்தார்கள். மக்கள்தொகை கிடுகிடுவென ஏறி, 1960களின் தொடக்கத்தில் "இத்தனை பேருக்கு எங்கே சோறு?" என்று டிட்மஸ், மீட் போன்ற அறிஞர்கள் வந்து கவலையோடு எழுதும் அளவுக்குப் போனது. 1973இல் உலக சுகாதார நிறுவனம் மொரிஷியஸ் மலேரியாவை ஒழித்துவிட்டது என்று சான்றிதழ் கொடுத்தது.

கெர்வேஸுக்குப் பிறகு

சான்றிதழ் வந்து இரண்டு ஆண்டு. 1975 பிப்ரவரியில் கெர்வேஸ் புயல். அப்போது நான் சிறுவன். கூரை பறந்து, அலமாரிக்குப் பின்னால் எல்லோரும் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. புயல் போன பிறகு எங்கு பார்த்தாலும் தண்ணீர். இடிந்த வீடுகளைக் கட்ட வெளிநாடுகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அவர்களில் சிலர் மலேரியா உள்ள நாடுகளைச் சேர்ந்தவர்கள். இங்கே மிச்சமிருந்த கொசு காத்துக்கொண்டிருந்தது. மூன்றும் மறுபடி சேர்ந்தன: ரத்தத்தில் ஒட்டுண்ணி, கொசு, தண்ணீர்.

இந்த முறை வந்தது பிளாஸ்மோடியம் வைவாக்ஸ். இது ஈரலில் மாதக் கணக்கில் ஒளிந்துகொள்ளும். ஆள் நன்றாக நடமாடுவார், வேலைக்குப் போவார், ஒருநாள் திடீரெனக் குளிரும். துறைமுகத்தில் பத்து நாள் தடுத்து வைத்தாலும் இதைப் பிடிக்க முடியாது. கொஞ்சம் கொஞ்சமாக ஏறி, 1982இல் ஒரே ஆண்டில் 600க்கும் மேற்பட்டோருக்கு மலேரியா. 1867ஐ நினைத்தால் சின்ன எண். ஆனால் சான்றிதழ் வாங்கிய நாட்டுக்கு அது பலத்த அடி.

மறுபடி சுவரில் டிடிடி. மறுபடி நீர்நிலைகளில் புழுக்கொல்லி. இந்த முறை கூடுதலாக ஒன்று: ஒட்டுண்ணி உள்ள ஒவ்வொரு மனிதரையும் தேடிக் கண்டுபிடித்துக் குணமாக்குவது. காய்ச்சல் என்று யார் வந்தாலும் ரத்தம் பார்ப்பார்கள். ஒருவருக்கு இருந்தால் சுற்றுப்பட்ட வீடுகள் முழுக்கப் பார்ப்பார்கள். விமான நிலையத்திலும் துறைமுகத்திலும் பயணிகளைப் பதிவு செய்து, வீடு தேடிப் போய் ரத்தம் எடுப்பார்கள். விமான நிலையத்தையும் துறைமுகத்தையும் சுற்றிக் கொசு மருந்து அடிப்பார்கள். 1860களில் திறந்து கிடந்த வாசல் அதுதானே. முழுதாக ஓய பதினைந்து ஆண்டு ஆனது. 1998 முதல் உள்ளூரில் பரவிய மலேரியா இல்லை. வெளியிலிருந்து வருகிறவர்கள் ரத்தத்தில் ஆண்டுதோறும் சிலருக்குக் கண்டுபிடிக்கிறார்கள், மருந்து கொடுக்கிறார்கள், அங்கேயே நின்றுவிடுகிறது.

இதே முறை எல்லா நோய்க்கும் பலிக்காது என்பதையும் சொல்ல வேண்டும். 2005-06இல் சிக்குன்குனியா வந்தபோது ரீயூனியனில் மூன்றில் ஒருவர், ஏறத்தாழ 2,66,000 பேர் விழுந்தார்கள். இங்கேயும் பல்லாயிரம் பேர் மூட்டைப் பிடித்துக்கொண்டு படுத்தோம். அதைப் பரப்புவது வேறு கொசு, பகலில் கடிக்கும் ஏடிஸ். வீட்டுப் பூந்தொட்டித் தட்டில் வளரும். ஒரு நோயாளியைத் தேடிப் போவதற்குள் பத்துப் பேருக்குப் பரவியிருக்கும். அங்கே வேலை அரசின் கையில் மட்டும் இல்லை, ஒவ்வொரு முற்றத்திலும் இருக்கிறது.

மறுபடி எங்கள் வாசல்

என்னை இந்த ஆய்வில் அதிகம் உறுத்திய ஒன்று உண்டு. 1867இல் ஒரு இந்தியனின் கையில் சீட்டு இருக்கிறதா என்று பார்த்தார்கள். இன்று இந்தியாவிலிருந்து வந்த எனக்கும் ஒரு அட்டை, ஒரு பதிவு. பெயரும் முகவரியும் கேட்கும் ஆள். இரண்டும் ஒன்றுதானோ என்று அத்தை விரலை நீட்டத் தயங்கியபோது எனக்கும் தோன்றியது. பிறகு வந்தவர் செய்ததைக் கவனித்தேன். அவர் எங்கள் ஒருவரையும் எங்கேயும் போகாதே என்று சொல்லவில்லை. வேலைக்குப் போகலாம், கோவிலுக்குப் போகலாம். காய்ச்சல் வந்தால், ஆறு மாதம் கழித்து வந்தாலும்கூட, இந்தியா போய்வந்தேன் என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள் என்றார். மருந்துக்குக் காசு இல்லை என்றும் சொன்னார். அவர் தேடி வந்தது ஒட்டுண்ணியை. 1867இல் ஆளைத் தேடினார்கள், ஒட்டுண்ணியை யாரும் தேடவில்லை.

அத்தையின் ரத்தத்தைச் சில்லில் தடவி, காற்றில் ஆட்டிக் காயவைத்து, ஓரத்தில் பென்சிலால் எண் எழுதினார். "தேநீர் குடிச்சிட்டுப் போங்க தம்பி" என்றார் அத்தை. நேரமில்லை, எதிர்ச் சந்தில் இன்னும் நான்கு பேர் இருக்கிறார்கள் என்றார். அங்கே துணி ஆலையில் வேலை செய்யும் மடகாஸ்கர் பெண்கள் வாடகைக்கு இருக்கிறார்கள். ஷிஃப்ட்டுக்குக் கிளம்புவதற்குள் அவர்களைப் பிடிக்க வேண்டுமாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பினார். அத்தை கேட்டருகே நின்று, அந்த வீட்டுக்குப் பின்பக்க வாசல்தான் வழி என்று கையைக் காட்டிச் சொன்னார்.